மேலே விட்டுவிட்டுக் கீழே அள்ளாதீர்கள்: ஆகாயத்தாமரை பற்றி ஒரு திறந்த மடல்

கொசஸ்தலை ஆற்றுப்படுகையின் ஏரிகளையும் கால்வாய்களையும் ஆளுக்கொரு பகுதியாகப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு, வடசென்னையின் மணலி புதுநகரிலிருந்து வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. பொக்லைனும் மிதவை இயந்திரமும் இறங்கி, ஆகாயத்தாமரை என்னும் மிதக்கும் களைச்செடியை அள்ளுகின்றன. நல்ல வேலைதான், நன்றி. ஆனால் அவரவர் எல்லைக்குள் மட்டும் அள்ளுவதால், அதே செலவை வருடா வருடம் செய்துகொண்டிருக்கிறோம்.

சாக்கடை கலந்த தண்ணீரும் நல்ல வெயிலும் கிடைத்தால் இந்தச் செடி இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். விதையோ 15 ஆண்டுகளுக்கு மேல்கூடச் சேற்றில் உயிரோடு கிடக்கும். புழல் ஏரியின் உபரிநீர் வடகரை, கிராண்ட்லைன், கொசப்பூர், மணலி, சடையன்குப்பம் வழியாக எண்ணூருக்கு வருகிறது. சடையன்குப்பத்தில் சுத்தம் செய்து என்ன பயன், வடகரையில் செடி அப்படியே கிடந்தால்? மதகைத் திறந்ததும் எல்லாம் கீழே வந்து பாலத்தின் கண்களில் அடைத்துக்கொள்ளும். அதில் பிளாஸ்டிக்கும் துணியும் சேர்ந்தால் தண்ணீர் கரை மேல் ஏறத்தான் பார்க்கும். 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் பக்கம் வெள்ளம் வந்தது. அதற்குச் செடி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளம் வடியும் வழியில் இப்படி ஓர் அடைப்பை விட்டுவைக்கக் கூடாது.

கழிமுகத்துக்கு வந்து உப்புத்தண்ணீர் பட்டதும் செடி செத்து அழுகுகிறது. கறுத்த வேர்க்கொத்து வலைக்கண்ணில் புகுந்துவிட்டால் அவசரப்பட்டு இழுக்க முடியாது, வலை கிழியும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க வேண்டும். காக்கா ஆழி என்னும் அயல்நாட்டுச் சிப்பி பரவி ஏற்கெனவே இறால் பாடு குறைந்துபோன இடம் அது. மீனவர்களின் அந்த உழைப்பும் கிழிந்த வலையும் எந்த டெண்டர் மதிப்பீட்டிலாவது வருகிறதா?

படுகை முழுவதற்கும் ஒரே திட்டம் போட்டால் அதற்கும் செலவு உண்டு. கூட்டம், கோப்பு, கையெழுத்து என்று நாள் போகும். மேலே உள்ள ஊராட்சி, "எங்கள் பணத்தில் கீழ் ஊருக்கு ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. பலன் கீழே வருகிறதென்றால் பணத்தின் பெரும்பங்கும் கீழேயிருந்து மேலே போக வேண்டும். நகரத்தின் பணத்தில் மேல் ஏரியைச் சுத்தம் செய்வது வீண்செலவு ஆகாது. வெள்ள நேரத்தில் மட்டும் உள்ளூர் பொறியாளர் யாரையும் கேட்காமல் இயந்திரத்தை இறக்கும் அதிகாரம் இருக்கட்டும்.

அள்ளிய செடியை உரமாக்கி விற்றால் வருமானம் வரும் என்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், லாரி வாடகையே தின்றுவிடும். தொழிற்சாலைக் கழிவு ஓடும் கால்வாயில் வளர்ந்த செடி கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். பரிசோதிக்காமல் அதை உரமாக்கிக் கீரைப் பாத்திக்குக் கொடுக்கவே கூடாது. செடியைத் தின்னும் கூன்வண்டுகளை 1980களிலேயே பெங்களூருவில் கொண்டுவந்து விட்டார்கள். அவை வேலை செய்ய வருடக்கணக்கில் ஆகும். ஏரிகளுக்குச் சரி, மழைக்கு முன் திறக்க வேண்டிய கால்வாய்க்கு உதவாது.

கழிவுநீர் வரும்வரை செடிக்குத் தீனி இருந்துகொண்டே இருக்கும். அதனால் ஏரியிலும் கால்வாயிலும் கழிவுநீரை விடும் குழாய்களை அடைக்கும் பணத்தையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள். ஆரம்பச் செலவு பெரிதாகத் தெரியும்தான். ஆனால் அள்ளுகிற செலவு குறைய வேறு வழி இல்லை.

இந்த மழை முடிந்ததும் எல்லாத் துறைகளும் ஒன்றாக உட்காருங்கள், எண்ணூர் மீனவர்களையும் கூப்பிடுங்கள். கோடையில் தண்ணீர் வற்றி, செடி ஓரிடத்தில் ஒதுங்கிக் கிடக்கும்போதே மேல் ஏரிகளில் தொடங்குங்கள். எந்தப் பகுதியில் எவ்வளவு செலவானது, எத்தனை மாதத்தில் செடி திரும்பி வந்தது என்பதைக் கரையிலேயே பலகையில் எழுதி வையுங்கள்.