சிறு காற்றாலைக்கு நெட் மீட்டரும் மானியமும் கோரி நான்காம் முறையாக அளிக்கும் மனு

அனுப்புநர்:
கொட்டச்சேடு பக்கம் இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயி,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
மாற்று எரிசக்தி விண்ணப்பப் பிரிவு,
சேலம்.

பொருள்: 1 கிலோவாட் காற்றாலைக்கு நெட் மீட்டர் (மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்து, வாங்கும் மின்சாரத்தில் கழித்துக்கொள்ளும் மீட்டர்) இணைப்பும், பேட்டரிக்கு மானியமும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற ஆண்டு ஆடியில் நேரில் கொடுத்த மனு, ஐப்பசியில் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு, தை மாதத்தில் மறுபடியும் நேரில் கொடுத்த மனு. மூன்றுக்கும் பதில் இல்லை.

ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களில் ஊரையும் வழியையும் விளக்கியிருந்தேன். இம்முறை அது வேண்டாம். குப்பனூர் வழியாக மேலே ஏறும் சாலையும், மழைக்காலத்தில் அதில் மரம் சாய்வதும் தாங்கள் அறியாதவை அல்ல. சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் எப்போது திரும்பும் என்பதும் தங்களுக்குத் தெரியும்.

1. தோட்டத்தின் மேல்கோடியில், மரம் இல்லாத பாறை மேட்டில், 12 மீட்டர் கம்பம் நட்டுச் சிறு காற்றாலை ஒன்றை நிறுவியிருக்கிறேன். ஒரு பருவத்து மிளகு விற்ற பணம் முழுவதும் அந்தக் கம்பத்தின் உச்சியில்தான் நிற்கிறது.

2. ஆடிக் காற்று எங்கள் மேட்டில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு பேட்டரி. அது காலையிலேயே நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் வருவதையெல்லாம் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு கம்பிச் சுருளுக்குள் தள்ளிச் சூடாக்கித் தீர்க்கிறது. தீர்க்காவிட்டால் இறக்கைகள் தறிகெட்டுச் சுற்றி உடையும். ஆக, ஆடி ஆவணி முழுவதும் நான் மலைக்காற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன். அதே நேரத்தில் வீட்டு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பில்லும் வருகிறது.

3. "சோலார் போடுங்கள், மானியம் உடனே கிடைக்கும்" என்று தங்கள் பிரிவில் இரண்டு முறை சொன்னார்கள். கிடைக்கும்தான். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்று கிலோவாட் என்றால் மொத்தம் 78,000 ரூபாய். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் என் வீடு நிழல் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. காப்பிக்கு நிழல் வேண்டும். கூரையில் வெயில் படுவதற்காக மரத்தை வெட்டினால் கூரைதான் மிஞ்சும், தோட்டம் மிஞ்சாது. கார்த்திகையில் பனிமூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்க்கும்போது பொழுது பாதி போயிருக்கும்.

4. இப்போது கார்த்திகையைப் பற்றிச் சொல்கிறேன். தை மாத மனுவிலும் இதைச் சொன்னேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தொலி உரிக்க வேண்டும். மறுநாளுக்கு விட்டால் மூட்டைக்குள் சூடேறிப் புளிக்கும். கொட்டையில் நாற்றம் ஏறிவிடும். சென்ற கார்த்திகையில் ஒரு நாள் பறிப்பு முடிந்து மூட்டைகள் களத்துக்கு வந்தபோது மாலை நான்கு மணி. நாலே காலுக்கு மின்சாரம் போனது. மழை. பல்பருக்கு ஒரு குதிரைத் திறன் மோட்டார், தண்ணீர் இறைக்க அரைக் குதிரைத் திறன். இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓட இரண்டரை யூனிட் இருந்தால் போதும். என் ஒற்றைப் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் அது கெட்டுவிடும். அந்தப் பாதி ஒரு யூனிட்கூட வராது. எனவே நானும் மனைவியும் அப்பா காலத்துக் கைப்பல்பரை இறக்கி, ஆள் மாற்றி ஆள் சுற்றினோம். என் மகன் டார்ச் பிடித்தான். மறுநாள் அவனுக்குக் கணக்குத் தேர்வு. இரவு பதினொன்றுக்குக் கைப்பிடியின் திருகு கழன்றது. மீதியை அப்படியே விட்டோம். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் காட்டெருமை நின்றதால் அந்த இருட்டில் அக்கம்பக்கத்தில் போய்க் கேட்கவும் முடியவில்லை. மின்சாரம் வந்தது மூன்றாம் நாள்.

அந்த மூன்று நாளும் மேட்டில் காற்றாலை இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தது, ஐயா. மழையோடு வந்த காற்று. பேட்டரி நிரம்பியது, மிச்சம் கம்பிச் சுருளுக்குப் போனது. கீழே பழம் புளித்தது. தொலி உரித்து விற்றிருந்தால் ஒரு விலை. பழமாகவே காயவைத்து விற்றால் அதைவிடக் குறைந்த விலை. மழையில் காயாமல் பூசணம் பிடித்தால் என்ன விலை என்று வியாபாரியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

5. "நெட் மீட்டர் மாட்டினாலும் மின்தடையில் பல்பர் ஓடாதே" என்று ஓர் உதவியாளர் சிரித்தார். எனக்கும் அது தெரியும். மின்தடையில் ஓட்டுவதற்குப் பேட்டரி வேண்டும், பெரிய இன்வெர்ட்டர் வேண்டும். அவற்றை வாங்கும் பணம்தான் ஆடியில் கம்பிச் சுருளில் எரிகிறது என்கிறேன். அதைக் கணக்கில் வரவு வைத்தால் ஆண்டு முழுவதும் பில் குறையும், நான் பேட்டரி வாங்குவேன். பெரிய காற்றாலைக்காரர்கள் ஒரு பருவத்தில் விளைந்த மின்சாரத்தை வாரியத்திடம் சேமித்துவைத்து, வேறொரு பருவத்தில் எடுத்துக்கொள்ளும் வசதியை எத்தனையோ ஆண்டுகள் அனுபவித்தார்கள். பெரிய காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் நியாயமாக இருந்தது எங்கள் சேர்வராயன் மலையில் மட்டும் எப்படி அநியாயமாகும்?

6. "விதி சூரிய மின்சாரத்துக்கு மட்டும்தான்" என்றார்கள். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகளைப் படித்துப் பார்த்தேன். நுகர்வோர் தானே மின்சாரம் உற்பத்தி செய்யலாம் என்று சொல்லும் இடத்தில், கூரை மேல் சூரிய மின் அமைப்பு "உள்ளிட்ட" புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்றுதான் பொருள்படுகிறது. 2021 திருத்தம் நெட் மீட்டருக்கு 500 கிலோவாட் வரை இடம் தருகிறது. நான் கேட்பது ஒன்று. "உள்ளிட்ட" என்றால் "மட்டும்" என்று எந்த அகராதியில் இருக்கிறது? மாநில ஆணை இதற்கு இடம் தரவில்லை என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள். அதை வைத்துக்கொண்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கதவைத் தட்டுவேன்.

7. இயந்திரம் பாதுகாப்பானதா என்ற சந்தேகம் நியாயமானதுதான். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் சிறு காற்றாலைகளையும் சோதித்துப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதற்கான தாள்களின் நகலை மூன்று முறை இணைத்தேன். நான்காம் முறையும் இணைத்திருக்கிறேன். நகல் கடைக்காரருக்கு என் முகம் மனப்பாடமாகிவிட்டது.

8. சிறு காற்றாலைக்கும் கலப்பு மின் அமைப்புக்கும் மத்திய அரசு முன்பு உதவி கொடுத்தது. அப்போது என்னிடம் பணம் இல்லை. பணம் சேர்ந்தபோது அந்த உதவி இல்லை. இது என் நேரம், தங்கள் குற்றமல்ல. ஆனால் சூரிய மின்சாரத்துக்குத் தரும் தொகையில் பாதியையாவது காற்றும் பேட்டரியும் சேர்ந்த அமைப்புக்குத் தரும்படி மேலிடத்துக்கு ஒரு பரிந்துரை எழுதுவது தங்கள் கையில் இருக்கிறது. மீட்டருக்கு ஒரு மேசை, கம்பத்தின் உயரத்துக்கு ஒரு மேசை, மலைப்பகுதி அனுமதிக்கு இன்னொரு மேசை என்று மூன்று பஸ் ஏறி இறங்குகிறேன். மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதும் தங்களால் முடியும்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் கேட்கிறேன்: வரவையும் செலவையும் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கும் ஒரு நெட் மீட்டர், பேட்டரிக்கு ஒரு பரிந்துரை. இரண்டும் முடியாதென்றால், முடியாது என்று ஒரு வரி, கையெழுத்தோடும் முத்திரையோடும்.

இன்று ஆவணி பத்து. கார்த்திகைக்கு மூன்று மாதம்கூட இல்லை. ஆய்வுக்கு யாரையாவது அனுப்புவதாக இருந்தால் இந்த வாரமே அனுப்புங்கள். காற்று இன்னும் இருக்கிறது, சுருள் சூடாவதைத் தொட்டே பார்க்கலாம். கைப்பல்பருக்கும் புதுத் திருகு போட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்)