உன் வீச்சுக்கு எந்த ராக்கெட்?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று டென்னிஸ் ராக்கெட்டுகளின் விவரமும் படித்தேன். கூடவே அனுப்பிய உன் ஆட்டத்தின் வீடியோவைத்தான் அதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாலும், உன் மனசு எதில் இருக்கிறது என்று தெரிகிறது. உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் கையில் இருக்கும் அந்த 97 சதுர அங்குல முகம் உள்ள ராக்கெட்தானே? நல்ல ராக்கெட்தான். ஆனால் உனக்கு அது வேண்டாம் என்பேன். உன் முழங்கை வலியும் இதில் சேர்ந்திருப்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் உன் ஆட்டம். ஃபோர்ஹேண்டில் நீ கையைப் பின்னால் ரொம்ப இழுப்பதில்லை. தோளைத் திருப்பி, சின்னதாக எடுத்து, பந்து எழும்பும்போதே அடித்துவிடுகிறாய். பேக்ஹேண்ட் இரண்டு கையால். அவசரம் என்றால் ஒற்றைக் கையால், பந்தின் அடிப்புறத்தைச் சீவுகிற ஒரு ஸ்லைஸ். கொஞ்சம் இடம் கிடைத்தாலும் நெட்டுக்கு வந்துவிடுகிறாய். பாதி ஆட்டம் டபுள்ஸ் வேறு. சின்ன வயதிலேயே பந்து எங்கே வரும் என்று உனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்; இன்னும் அந்தக் கண் அப்படியே இருக்கிறது. இந்த ஆட்டத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாதே. இதற்குப் பொருந்துகிற ராக்கெட்டைத்தான் நாம் தேட வேண்டும்.

கடையில் ஆயிரம் சொல்வார்கள். நீ கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: என் பந்துக்கு வேகம் எங்கிருந்து வருகிறது? கையை நீளமாக, வேகமாக வீசுகிறவர்கள் வேகத்தைத் தாங்களே கொண்டுவருகிறார்கள். அதை அடக்கிக் கோட்டுக்குள் இறக்கித் தருகிற ராக்கெட் இருந்தால் அவர்களுக்குப் போதும். சின்ன முகம் (ஸ்ட்ரிங் கட்டியிருக்கும் பரப்பு), மெல்லிய ஃப்ரேம், நெருக்கமான ஸ்ட்ரிங் எல்லாம் அவர்களுக்காகவே. உன்னைப் போல் சுருக்கமாக வீசுகிறவர்களுக்கு ராக்கெட்டும் கொஞ்சம் வேகம் தர வேண்டும். தராவிட்டால், முதல் செட்டில் தெரியாது. மூன்றாவது செட்டில் கால் தளர்ந்த பிறகு பந்து எதிர்ப்பக்கத்தில் ஆழமாகப் போகாமல் சர்வீஸ் கோட்டோடு நின்றுவிடும். வீடியோவின் கடைசிப் பகுதியில் நடப்பது அதுதான்.

இப்போது ஒரு வேலை செய். உன் பழைய ராக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார். நெடுக்கு ஸ்ட்ரிங்கும் குறுக்கு ஸ்ட்ரிங்கும் உரசும் இடங்களில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கும். பந்தின் மஞ்சள் பஞ்சு அங்கங்கே சிக்கியிருக்கும். இவை எந்தப் பக்கம் அதிகம்? நடுவிலா, நுனியிலா, ஓரத்திலா? நீ பந்தைச் சந்திக்கும் இடம் அதுதான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பந்து தரையில் படுமுன்பே அடிக்கிற வாலி போடும்போது பல தடவை பந்து நடுவில் படாமல் ஓரத்தில் படுகிறது. பட்டதும் ராக்கெட்டின் முகம் கைக்குள்ளேயே லேசாகத் திரும்புகிறது. அதைப் பிடித்து நிறுத்த நீ விரல்களை இறுக்குகிறாய். விரலை இறுக்கும்போது மணிக்கட்டைத் தூக்கும் தசைகளும் சேர்ந்து இறுகும்; அவற்றில் பெரும்பாலானவை முழங்கையின் வெளிப்புற எலும்பில்தான் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு இறுக்கமும் போய் இழுப்பது அந்த இடத்தைத்தான். உனக்கு வலிக்கும் இடமும் அதுதானே?

அதனால்தான் முகத்தின் அளவு உனக்கு முக்கியம். முகம் அகலமாக இருந்தால் பந்து ஓரத்தில் பட்டாலும் ராக்கெட் அவ்வளவாகத் திரும்பாது. நல்ல அடி விழக்கூடிய இடமும் பெரிதாக இருக்கும். மர ராக்கெட் காலத்தில் முகம் 65, 70 சதுர அங்குலம்தான். 1970களில் ஹோவர்ட் ஹெட் என்ற பொறியாளர் பிரின்ஸ் நிறுவனத்துக்காக 110 சதுர அங்குல ராக்கெட்டைக் கொண்டுவந்தபோது அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிறகு எல்லா நிறுவனங்களுமே முகத்தைப் பெரிதாக்கின. ஒரே தலைமுறையில் பீட் சாம்ப்ரஸ் 85 சதுர அங்குலத்தில் ஆடினார், ஆண்ட்ரே அகாசி 107இல் ஆடினார். இருவருமே உச்சத்தில் இருந்தவர்கள். சாம்ப்ரஸுக்கு சர்வும் வாலியும். அகாசிக்கு பேஸ்லைனில், அதாவது ஆடுகளத்தின் பின்கோட்டில், நின்றபடி பந்து எழும்பும்போதே அடிக்கிற அடி. சர்வைத் திருப்பி அடிப்பதில் அவருக்கு இணை சொல்ல ஆள் குறைவு. நீயும் பந்தை எழும்பும்போதே சந்திக்கிறவள். அந்த வேகத்தில் ஒரு விரல் அளவு தப்பினாலும் மன்னிக்கிற முகம் வேண்டும்.

பெரிய முகம் என்றால் ஆரம்பநிலைக்காரர்களுக்கு என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். ரோஜர் ஃபெடரர் தன் பெரிய வெற்றிகள் பலவற்றை 90 சதுர அங்குல ராக்கெட்டில்தான் பெற்றார். அவரே 2014இல் 97க்கு மாறினார். 2017இல் ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிப் போட்டியில் ரஃபேல் நடாலின் பந்துகளை அந்தப் பேக்ஹேண்டால் அவர் எப்படித் திருப்பினார் என்று நாம் சேர்ந்து பார்த்திருக்கிறோம். அவருடைய கைக்கு 97 பெரியது. உன் கைக்கு அது சிறியது. நடால் தன் காலம் முழுக்க ஆடியது 100இல். நீயும் 100ஐ எடுத்துக்கொள். 102 கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே.

அடுத்தது எடை. நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது. கை வலிக்கிறது, அதனால் லேசான ராக்கெட் வாங்கலாம் என்றுதான் தோன்றும். உன் பட்டியலில் 260 கிராமில் ஒன்று இருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். வேகமாக வரும் பந்து லேசான ராக்கெட்டைப் பின்னுக்குத் தள்ளும். அந்த அதிர்ச்சி கைக்கு வரும். எடை உள்ள ராக்கெட் அதில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். அதற்காக 315 கிராமுக்குப் போனால் மூன்றாவது செட்டில் நீ பந்துக்குப் பின்தங்குவாய். பின்தங்கி அடிக்கிற பேக்ஹேண்டைப் போல முழங்கைக்குக் கெடுதல் வேறில்லை. 295இலிருந்து 300 கிராம் வரை உனக்குச் சரியாக இருக்கும். ராக்கெட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரிங் இல்லாத எடை என்பதை மறந்துவிடாதே. ஸ்ட்ரிங்கும், கைப்பிடிமேல் சுற்றுகிற மேல் க்ரிப்பும் சேர்ந்தால் 20 கிராமுக்கு மேல் கூடிவிடும்.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுத்தியலைக் காம்பின் நுனியில் பிடித்து ஆட்டிப் பார், பிறகு திருப்பித் தலைப்பக்கம் பிடித்து ஆட்டிப் பார். எடை ஒன்றுதான், கைக்கு இரண்டும் வேறு. ராக்கெட்டும் அப்படித்தான். வழக்கமான 27 அங்குல ராக்கெட்டின் நடுப்புள்ளி அடியிலிருந்து சுமார் 34.3 சென்டிமீட்டரில் வரும். ஒரு விரல்மேல் ராக்கெட்டைக் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள். அந்த இடம் நடுப்புள்ளிக்குக் கீழே, கைப்பிடிப் பக்கம் இருந்தால் தலை லேசானது. மேலே இருந்தால் தலை கனம். நெட்டில் நிற்கிறவளுக்குத் தலை லேசாக இருக்க வேண்டும். முகத்துக்கு நேராக வரும் பந்துக்குச் சட்டென்று திருப்ப முடியும். ஸ்ட்ரிங் இல்லாமல் 32 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால் வாங்கிப் பார். ஸ்விங் வெயிட் என்று இன்னொரு எண்ணும் கொடுத்திருப்பார்கள். வீசும்போது கைக்கு எவ்வளவு கனமாகத் தெரியும் என்பதன் அளவு அது. ஸ்ட்ரிங் போட்ட பிறகு 315, 320 என்ற அளவில் இருந்தால் உனக்கு ஒத்துவரும். 330க்கு மேல் போனால் விட்டுவிடு.

ஃப்ரேமின் விறைப்பை ஆர்ஏ என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடினால் ஃப்ரேம் வளையாது, பந்துக்கு வேகம் அதிகம், கைக்கு அதிர்வும் அதிகம். 70ஐத் தொடுகிறவை உனக்கு வேண்டாம். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒன்றைத் தேடு. கொஞ்சம் வேகம் குறையும். அதை முகத்தின் அளவு ஈடுகட்டிவிடும்.

ஸ்ட்ரிங் அமைப்பில் நெடுக்கு 16, குறுக்கு 19 உள்ளதை எடு. 18க்கு 20 என்பது நெருக்கம். தட்டையாக ஓங்கி அடிப்பவர்களுக்கு அது நல்லது. உன் ஸ்லைஸ் பந்தைக் கவ்வ இடைவெளி வேண்டும். அரை அங்குலம் நீளமான ராக்கெட் பற்றியும் கேட்டிருந்தாய். விதிப்படி 29 அங்குலம் வரை போகலாம், மைக்கேல் சாங் 28 அங்குலத்தில் ஆடியவர். சர்வுக்கு அது உதவும், நெட்டில் தொந்தரவு. நீ 27இலேயே இரு.

க்ரிப் அளவை, அதாவது கைப்பிடியின் சுற்றளவை, மட்டும் கடைக்காரர் சொல்லிக்கேட்டு எடுக்காதே. ராக்கெட்டைப் பிடித்தபின் விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் நடுவில் மற்றக் கையின் ஆள்காட்டி விரல் சரியாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பிடி சிறியது. இறுக்கிப் பிடித்தே ஆடுவாய். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் சிறியதை எடு. மேல் க்ரிப் சுற்றிக் கொஞ்சம் பெரிதாக்கலாம், பெரியதைச் சிறியதாக்குவது கஷ்டம்.

இனி நான் முதலிலேயே சொல்லியிருக்க நினைத்தது: ஸ்ட்ரிங். உன் ராக்கெட்டில் இப்போது இருப்பது பாலியெஸ்டர், அதுவும் 25 கிலோ இழுப்பில் இறுக்கிக் கட்டியது. கை வலிக்கும் ஒருத்திக்கு இதைப் போட்டுக்கொடுத்தவர்மேல் எனக்குக் கோபமே வருகிறது. 1997இல் குஸ்தாவோ குவெர்ட்டன் பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கோடு வந்து பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அதன் பிறகு உலகம் முழுக்க அது பரவியது. பந்து முன்னோக்கிச் சுழலும்படி முழு வேகத்தில் டாப்ஸ்பின் வீசுகிறவர்களுக்கு அது வரம். பந்தோடு நகர்ந்து, சறுக்கித் திரும்பி, சுழற்சி தரும். ஆனால் விறைப்பானது. போட்ட கொஞ்ச நாளிலேயே இழுப்பையும் இழந்துவிடும். அறுந்து போகாததால் நன்றாக இருக்கிறது என்று நினைத்து மாதக்கணக்கில் அதிலேயே ஆடிக்கொண்டிருப்பார்கள். உனக்குப் பல நுண்ணிழைகளைச் சேர்த்து முறுக்கிய மல்டிஃபிலமென்ட் போதும், 23 கிலோவுக்கு மேல் வேண்டாம். இழுப்பைக் குறைத்தால் பந்துக்கு வேகம் கூடும், கைக்கும் மெத்தென்று இருக்கும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறாயோ, வருஷத்துக்கு அத்தனை தடவை ஸ்ட்ரிங் மாற்று என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்கையே வைத்துக்கொள்.

ஆகவே புது ராக்கெட்டுக்கு முன்னால் பழைய ராக்கெட்டில் இந்த ஸ்ட்ரிங்கைப் போட்டு ஆடிப் பார். எது ஃப்ரேமின் குறை, எது ஸ்ட்ரிங்கின் குறை என்று அப்போதுதான் பிரித்துத் தெரியும்.

உனக்குப் பிடித்த அந்த ஆட்டக்காரரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் பலரும் ஆடுவது தங்களுக்கென்று எடை சேர்த்து, சமன் மாற்றிச் செய்த ராக்கெட்டுகளில். சிலர் பழைய மாடலுக்கே புது மாடலின் வண்ணம் அடித்து ஆடுவார்கள். கடையில் தொங்குவது அதே நிறத்தில் இருக்கும், அவ்வளவுதான். அவர் ஆட்டத்தை ரசி, அவர் கால் நகர்வைப் பார்த்துக் கற்றுக்கொள். ராக்கெட்டை மட்டும் அவரிடமிருந்து எடுக்காதே.

சோதித்துப் பார்க்கத் தருகிற கடைகளும் கிளப்புகளும் உண்டு. ஒரே நாளில் இரண்டுக்கு மேல் எடுக்காதே, கை குழம்பிவிடும். அவற்றில் என்ன ஸ்ட்ரிங், எவ்வளவு இழுப்பு என்று கேட்டுக்கொள். ஒன்றில் புது ஸ்ட்ரிங், இன்னொன்றில் செத்துப்போன ஸ்ட்ரிங் இருந்தால் நீ ஒப்பிடுவது ராக்கெட்டை அல்ல. பேஸ்லைனில் நின்று நிதானமாகப் பந்து பரிமாறும்போது எல்லா ராக்கெட்டும் நன்றாகத்தான் இருக்கும். புள்ளி வைத்து ஆடு. வேகமான சர்வை எதிர்கொள். உடம்புக்கு நேராக வரும் பந்தை வாலியில் தடு. களைத்த பிறகு இரண்டாவது சர்வ் போட்டுப் பார். பேக்ஹேண்ட் ஸ்லைஸ் தாழ்வாக, நீளமாகப் போகிறதா என்று பார். எந்த ராக்கெட்டில் அழகான அடி விழுந்தது என்று பார்க்காதே. எதில் மோசமான அடிகூடக் கோட்டுக்குள் விழுந்தது என்று பார்.

இதற்கெல்லாம் முன்னால் டாக்டரைப் பார். வலியோடு ராக்கெட் சோதித்தால் கை பொய் சொல்லும். ஓய்வு எடுக்கச் சொன்னால் எடு. பயிற்சி சொல்லித் தந்தால் ஒழுங்காகச் செய். பிறகு கடைக்குப் போகும்போது 100 சதுர அங்குலம், 300 கிராம், 32 சென்டிமீட்டர், 16க்கு 19 என்று எழுதி எடுத்துக்கொண்டு போ. இதற்குள் வருகிற இரண்டைச் சோதிக்க வாங்கி ஆடிவிட்டு, மறுநாள் காலையில் முழங்கை எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. அன்று இரவு எழுதாதே, மறுநாள் காலையில்தான் உண்மை தெரியும். வாலியை மட்டும் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பு. ராக்கெட் முகம் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா