நிலாவாரையின் பேரினப் பெயர்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலமிளக்கும் இலைக்காகப் பயிரிடப்படும் நிலாவாரையின் சாகுபடி பற்றித் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, ராதாபுரம், சாத்தான்குளம் வட்டார மானாவாரி விவசாயிகளுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ஆயினும் நிலாவாரை, ஆவாரை, சரக்கொன்றை மூன்றையும் ‘கேசியா’ என்ற ஒரே பேரினத்தில் அடக்கியிருப்பதும், அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் நிலாவாரை மண்ணில் தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்க்கும் என்று எழுதியிருப்பதும் திருத்தப்பட வேண்டியவை.

1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இவற்றையெல்லாம் கேசியாவுக்குள் வைத்தார். அவர் காலத்திலேயே பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை அறிஞர் சென்னாவைத் தனிப் பேரினமாகக் கொண்டார். நிலாவாரைக்கு இன்று வழங்கும் ‘சென்னா அலெக்சாண்ட்ரினா’ என்ற பெயர் 1768இல் அவர் சூட்டியதே. ஆனால் லின்னேயஸின் வழியே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்ததால், நூற்றுக்கணக்கான சிற்றினங்கள் கேசியாவில் குவிந்தன. 1982இல் இர்வின், பார்னபி ஆகிய தாவரவியலாளர் இருவரும் அந்தக் குவியலைக் கேசியா, சென்னா, கமேகிரிஸ்டா என மூன்றாகப் பிரித்தனர். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் இப்பிரிவினையை உறுதி செய்திருக்கின்றன.

இந்த வேறுபாட்டைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. சரக்கொன்றைப் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மட்டும் நீண்டு, கீழிறங்கி வளைந்து மேல்நோக்கி நிற்பது தெரியும். சாலையோரத்து ஆவாரம்பூவில் அந்த நீண்ட வளைவு கிடையாது. தாள்களின் காம்பு குட்டையாகவும் நேராகவும் இருக்கும். நிலாவாரைப் பூவும் இந்த வகையில் ஆவாரையைச் சேர்ந்ததே. கொன்றை கேசியாவிலேயே நீடிக்கிறது; ஆவாரையும் நிலாவாரையும் சென்னாவுக்குச் சென்றுவிட்டன.

தழைச்சத்தைப் பற்றிய பிழையும் இந்தப் பழைய குவியலிலிருந்து வந்திருக்கக்கூடும். தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் வேர்முடிச்சுகள் கமேகிரிஸ்டாவில் பரவலாக உண்டு. கேசியாவிலும் சென்னாவிலும் இல்லை. ஆகவே உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் பின் நிலம் தேறுவதைப் போல நிலாவாரைக்குப் பின்னும் தேறும் என்று நம்பி, அடுத்த வெள்ளாமைக்கு உரத்தைக் குறைக்கும் விவசாயிக்கு மகசூல் இழப்பு ஏற்படும். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான்.

பேரினப் பெயரோடு நிற்காமல் சிற்றினப் பெயரையும் சேர்த்து எழுதுவது வணிகத்துக்கும் முக்கியம். நம் திருநெல்வேலி மாவட்டத்தின் பெயரையே தாங்கி ‘டின்னவெல்லி சென்னா’ என்று உலகச் சந்தையில் விற்கும் இலையையும் எகிப்து வழியாக வந்த ‘அலெக்சாண்ட்ரியா சென்னா’ இலையையும் முன்பு இரண்டு சிற்றினங்களாகக் கருதினர். ‘கேசியா அங்குஸ்டிஃபோலியா’ என்று 1790இல் வால் என்ற தாவரவியலாளர் சூட்டி, நம்முடையதற்கு வழங்கிவந்த பெயர் இன்றும் பல மருந்து நூல்களில் காணப்படுகிறது. இப்போது இரண்டும் ஒரே சிற்றினமாகக் கொள்ளப்படுகின்றன. மலமிளக்கும் செனோசைடு என்ற வேதிப்பொருள்களுக்காகவே இந்த இலை வாங்கப்படுகிறது. ஆவாரை இலை அந்த வேலையைச் செய்யாது. ஆனாலும் அதைக் கலந்து விற்பது பழைய மோசடி. செடியில் இரண்டையும் பிரித்தறிவது எளிது: ஆவாரையில் ஒவ்வொரு சோடிச் சிற்றிலைக்கும் நடுவே ஒரு சிறு சுரப்பி நிற்கும், இலைக்காம்பின் அடியில் காது மடலைப் போன்ற அகன்ற செதில்கள் இருக்கும், நிலாவாரையில் சுரப்பி கிடையாது, சிற்றிலையின் நுனியும் கூர்மையாக இருக்கும். உலர்த்திப் பொடித்த பிறகு கண்ணால் அறிய முடியாது.

எனவே அடுத்த வேளாண் பக்கத்தில் ‘சென்னா அலெக்சாண்ட்ரினா’ என்ற முழுப் பெயரை எழுதி, பழைய பெயரை அதன் அருகே குறிப்பிடுமாறும், தழைச்சத்தைப் பற்றிய வரிக்கு விதைப்புப் பருவத்துக்கு முன்பே திருத்தம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.