சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள்: மாசி வீதி முதலாளிமார்களுக்கு ஒரு மடல்

மதுரை மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கமும் ஜவுளிக்கடை நடத்தும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கடை வாசலில் ‘ஆட்கள் தேவை’ போர்டு இல்லாத நாளைப் பார்த்து எனக்கு ரொம்ப வருஷமாகிறது. முன்பெல்லாம் ஆடி பிறந்ததும் மாட்டி, பொங்கலோடு கழற்றிவிடுவீர்கள். இப்போது அது கடைப் பெயர்ப்பலகையோடு சேர்ந்தே வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறீர்கள்: “இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பு இல்ல. ஒரு வார்த்தை சொல்லாம நின்னுடுறான்.”

இதே வீதிகளில் 22 வருஷம் கணக்கு எழுதியவன் நான். வருகைப் பதிவேடும் சம்பளக் கவரும் என் கையில்தான் இருந்தன. அவர்கள் ஏன் சொல்லாமல் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போனவனுக்கு என்ன ஆனது என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

நம் வழக்கத்தை நாமே கொஞ்சம் பேசிக்கொள்வோம். ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிதான் கைக்கு வரும். ஆக எப்போது நின்றாலும் குறைந்தது 10 நாள் கூலி கல்லாவிலேயே தங்கும். “அடுத்த மாசத்தோட நின்னுக்கிறேன் அண்ணாச்சி” என்று ஒருவன் மரியாதையாகச் சொன்னால், “தீபாவளி முடியட்டும்”, “பதிலுக்கு ஒரு ஆளக் கொண்டாந்து விட்டுட்டுப் போ” என்று இழுப்போம். இழுத்து இழுத்து கடைசியில் அவன் முழு மாதச் சம்பளத்துக்கே நடையாக நடக்க வேண்டும். இதை ஒருவன் பட்டால் போதும், செக்‌ஷன் முழுக்கப் பாடம் படித்துவிடும். 10-ஆம் தேதி சம்பளம் ஏறும், 11-ஆம் தேதி போன் அணைந்துவிடும். போனால் 10 நாள் கூலியோடு போகட்டும் என்று அவர்களும் கணக்குப் போடுகிறார்கள்.

ஒரு தம்பி இருந்தான், உசிலம்பட்டிப் பக்கம். சுங்குடிச் சேலை செக்‌ஷனில் 4 வருஷம். புள்ளி கையால் முடிச்சுப் போட்டதா, அச்சில் வந்ததா என்று தடவிப் பார்த்தே சொல்வான். கீழவாசல் பக்கத்து அம்மாக்கள் உள்ளே வந்ததும் “அந்தத் தம்பி எங்க?” என்றுதான் கேட்பார்கள். வைகாசியில் அவன் அக்கா பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள், சீரும் அவன்தான் கொண்டுபோக வேண்டும். 2 நாள் லீவு கேட்டான். முகூர்த்த சீசனில் லீவா என்று முதலாளி மறுத்துவிட்டார். முகூர்த்தம் என்ன கடைக்கு மட்டுமா வருகிறது? நம் கல்லா நிறைகிற அதே நாளில்தான் வேலை செய்கிறவர் வீட்டிலும் விசேஷம்.

அவன் போனான். மூன்றாம் நாள் காலை, எப்போதும்போல் 9 மணிக்கு வந்து நின்றான். போன 2 நாளுக்கு 4 நாள் பிடித்தம், வாடிக்கையாளர் முன்னால் திட்டு வேறு. அடுத்த வாரம் பக்கத்து வீதிக் கடையில், 500 ரூபாய் கூடுதல் சம்பளத்தில் சேர்ந்துவிட்டான். “வெறும் ஐநூறுக்குப் போயிட்டான் பாருங்க” என்று முதலாளி வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்தத்தை எழுதியதும் நான்தான், அவனுக்கு வரவேண்டிய பாக்கி நாட்களைச் சிவப்பு மையில் அடித்ததும் நான்தான். அந்த இடத்துக்கு 6 மாதத்தில் 3 பேர் வந்து போனார்கள். ஒருவருக்கும் சுங்குடி தெரியவில்லை.

பெண்கள் வராததற்கு மகளிர் உரிமைத் தொகையைக் காரணம் சொல்கிறீர்கள். மாதம் 1,000 ரூபாயில் இன்றைக்கு எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது? 2021-இல் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றானதைச் சொன்னால்கூட ஒத்துக்கொள்வேன். திருப்புவனத்திலிருந்து வருகிற பெண் இப்போது பஸ் காசுக்குப் பயப்படாமல் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்கலாம். கேட்கிறார்கள். எந்தக் கடையில் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் விடுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி உட்கார விடுவார்களா என்பது. கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தில் சேர்த்தாகிவிட்டது. ஸ்டூலும் வாங்கிப் போட்டோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் கூப்பிடுகிறோமே!

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். வாடகை, கொள்முதல் கடன், போனிலேயே புடவை வாங்கும் கூட்டம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மாயமானவர்கள் பெயரும் என் நோட்டில் இருக்கிறது. சம்பளத்தை இரட்டிப்பாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். நிற்கிறேன் என்று சொல்கிறவனுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்து அனுப்புங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, தானாக விலகுகிறவருக்கும் 2 வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தரச் சொல்கிறது. அப்புறம், அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் பாலமேடு ஜல்லிக்கட்டு அன்றும் யார் யாருக்கு லீவு என்று ஒரு மாதம் முன்பே எழுதி ஒட்டுங்கள். ஊர்த் திருவிழாவும் காது குத்தும் அதில் சேரட்டும்.

முதலில் போன வருஷப் பதிவேட்டை எடுத்து, நின்றுபோனவர்களின் பாக்கி நாட்களைக் கூட்டிப் பாருங்கள். பெயருக்கு எதிரே போன் நம்பர் இருக்கும். பாதி நம்பர்களாவது இன்னும் அடிக்கும்.

இப்படிக்கு,
பழைய கடைக் கணக்கர் ஒருவர்,
மதுரை