ஐந்தாம் நாளைத் திருப்பிக் கொடுங்கள்

இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தேர்வுக் குழுவுக்கும் அணி நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நீங்கள் மைதானத்திலேயே இருந்தவர்கள். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிடம் கொல்கத்தாவில் 30 ரன்னில் தோற்றோம், அடுத்த வாரமே கவுகாத்தியில் 408 ரன்னில் தோற்றோம். ரன் கணக்கில் இந்திய டெஸ்ட் வரலாற்றின் மிகப் பெரிய தோல்வி அது. 2024ல் நியூசிலாந்து வந்து மூன்றுக்கு மூன்று வாரிக்கொண்டு போனது. 2013 தொடக்கத்திலிருந்து 2024 செப்டம்பர் வரை சொந்த மண்ணில் நாம் தோற்றது நான்கே நான்கு டெஸ்ட், அதாவது ஐந்து நாள் ஆட்டம். அதற்கப்புறம் கவுகாத்தி வரை ஆடிய ஏழில் ஐந்தில் தோற்றுவிட்டோம்.

தோல்வி எனக்குப் புதிதல்ல. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றபோது அழுத தலைமுறை நான். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும் கைக்கு வந்தது வாய்க்கு வரவில்லை. ஆனால் அன்று மைதானமே எழுந்து நின்று ஜெயித்த அணிக்குக் கைதட்டியது. ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்த்த நிறைவு இருந்தது. இப்போது அந்த நிறைவுதான் இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. டி20 பார்க்க மாட்டார், டெஸ்ட் என்றால் டாஸ் போடும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நானும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதே டெஸ்ட் நடக்கும்போதுதான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: முக்கியமான டெஸ்ட்டின் கடைசி இரண்டு நாட்களுக்கு லீவு போட்டுவிடுவேன். கொல்கத்தா டெஸ்ட் நவம்பர் 14, வெள்ளிக்கிழமை தொடங்கியது. திங்களுக்கும் செவ்வாய்க்கும் ஒரு மாதம் முன்பே லீவு சொல்லி வைத்திருந்தேன். ஞாயிறு மத்தியானமே எல்லாம் முடிந்தது. 124 ரன் எடுக்க வேண்டும், 93க்குச் சுருண்டோம். கழுத்து வலியால் கேப்டன் கில் ஆடவே முடியவில்லை, அது துரதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 124!

திங்கள் காலை ஒன்பதரைக்கு அப்பா பழக்கத்தில் டிவியைப் போட்டார். முந்தின நாள் ஆட்டத்தின் சுருக்கம் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு எத்தனை ஓவர்டா?" என்று கேட்டார். மறதி ஒன்றும் இல்லை, கிண்டல்தான். என்னிடம் பதில் இல்லை. 2024ல் புனேயிலும் மும்பையிலும் இதே கதை, மூன்றே நாள். எங்கள் வீட்டில் இப்போது நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்பதெல்லாம் பழங்கதை ஆகிவிட்டது.

கேட்ட பிட்ச்தான் (பந்து குத்தி எழும் நடுத்தரை) கிடைத்தது என்று ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரே சொன்னார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் எதற்காக அப்படிக் கேட்டீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முதல் நாளே பந்து திரும்பினால் நம் சுழற்பந்து வீச்சாளர்கள் ஜெயித்துக் கொடுப்பார்கள் என்ற கணக்கா? கொஞ்சம் பழைய ஸ்கோர் அட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். ஜெயித்துக் கொடுத்தவர்கள் எதிரணிச் சுழற்பந்து வீச்சாளர்கள்தான். 2017ல் புனேயில் ஸ்டீவ் ஓ'கீஃப் 12 விக்கெட் எடுத்தார். 2023ல் இந்தூரில் மேத்யூ குனமன், 2024ல் ஹைதராபாத்தில் முதல் டெஸ்ட் ஆடிய டாம் ஹார்ட்லி. அப்புறம் புனேயில் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட், மும்பையில் அஜாஸ் படேல் 11, கொல்கத்தாவில் சைமன் ஹார்மர் 8. இவர்கள் யாரையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் உலகின் தலைசிறந்த லெக் ஸ்பின்னர் என்று கொண்டாடப்பட்ட ஷேன் வார்ன் இந்தியாவில் ஒரு விக்கெட்டுக்கு 43 ரன் கொடுத்துத் திணறியவர். வார்னுக்குக் கிடைக்காதது இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? பிட்ச் கொடுத்தது, ஐயா. மண் தானாகவே பந்தைத் திருப்பும்போது நம் அஸ்வினுக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் என்ன இருக்கிறது? நம்மிடம் இருந்த ஒரே பெரிய ஆயுதத்தை நாமே மழுங்கடித்துவிட்டு எதிராளியைக் குறை சொல்கிறோம்.

நல்ல பிட்சில் நாம் ஜெயிக்க மாட்டோமா? 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் செம்மண் பிட்ச், பந்து எகிறியது, வேகத்துக்கும் இடம் இருந்தது. 144 ரன்னுக்கு 6 விக்கெட் என்று தடுமாறிய நிலையில் அஸ்வின் வந்து சதம் அடித்தார், பிறகு ஆறு விக்கெட்டும் எடுத்தார், 280 ரன்னில் ஜெயித்தோம். 2025 அக்டோபரில் தில்லியில் வெஸ்ட் இண்டீஸ் ஃபாலோ ஆன் வாங்கி (முதல் இன்னிங்சில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வேண்டி வந்து) 390 அடித்தது. ஆட்டம் ஐந்தாம் நாளுக்குப் போனது. அதையும் ஜெயித்தோம். அப்பா அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் தெரியுமா? ஆக, ஐந்தாம் நாள் வரை தாங்கும் பிட்சைக் கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை.

"கவுகாத்தியில் அப்படித்தானே கொடுத்தோம், அங்கேயும் தோற்றோமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். மதிய உணவுக்கு முன்னாலேயே தேநீர் இடைவேளை வந்த அந்த மைதானத்தில் (சூரியன் சீக்கிரம் மறைகிறது, சரி) தென்னாப்பிரிக்கா 489 அடித்தது. தமிழ் வேர் கொண்ட செனுரன் முத்துசாமி அதில் சதம் அடித்தார். அவர் பெயரை ஸ்கோர் அட்டையில் பார்த்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன், நம் அணி நினைவு வந்ததும் அது போய்விட்டது. அதே பிட்சில் நாம் 201, 140. இரண்டு வருடமாக ஒவ்வொரு பந்தும் வெடிக்கும் என்று பயந்து பயந்து ஆடியவர்களுக்குப் பந்து ஒழுங்காக வரும்போது நாள் முழுக்க நின்று ஆடும் பழக்கம் எங்கிருந்து வரும்? புஜாரா 2017ல் ராஞ்சியில் 525 பந்து நின்றார். இன்று அப்படி நிற்கும் ஒருவரைக் காட்டுங்கள்.

நிற்பதற்கு முதலில் ஓர் இடம் வேண்டுமே. ஒன் டவுனில், அதாவது மூன்றாவது ஆட்டக்காரராக, யார் இறங்குவார் என்று இப்போது ஆட்டக்காரர்களுக்கே தெரியுமா? பெர்த்தில் படிக்கல், இங்கிலாந்தில் சாய் சுதர்சன், பிறகு கருண் நாயர், மறுபடி சாய் சுதர்சன். அவர் தில்லியில் 87 அடித்தார், அடுத்த டெஸ்ட்டில் வெளியே உட்கார வைத்தீர்கள். அந்த இடத்துக்கு வாஷிங்டன் சுந்தரை அனுப்பினீர்கள். கொல்கத்தாவில் இரண்டு இன்னிங்சிலும் பிள்ளை முடிந்த அளவு போராடியது. பரிசாக கவுகாத்தியில் எட்டாவது இடம். வாடகை வீட்டுக்காரர்கூட ஒரு மாதம் நோட்டீஸ் கொடுப்பார்.

வேறு கோப்பைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. 2024ல் டி20 உலகக் கோப்பை, 2025ல் சாம்பியன்ஸ் டிராபி. 2025 நவம்பரில் நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றபோது வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுக்கவில்லை. ஆனால் அதே நவம்பர் 8 அன்று பிரிஸ்பேனில் டி20, 14 அன்று கொல்கத்தாவில் டெஸ்ட் என்று அட்டவணை போட்டவர் யாரோ, அவருக்கு டெஸ்ட்டின் மேல் என்ன கோபம்? நடுவில் ஐந்து நாள். பயணம், தூக்கம், பந்தின் நிறம் மாறியதை நினைவில் கொண்டுவருவது எல்லாம் அதற்குள்தான். ஐபிஎல்லுக்கு மட்டும் நாள்காட்டியில் முழுசாக இரண்டு மாதம் காலியாகக் கிடைக்கிறது, நல்ல முகூர்த்தம் போலிருக்கிறது. டெஸ்ட்டை ஏதோ தீராத கடனை அடைப்பது போல நடத்துவதென்றால் சொல்லிவிடுங்கள், அப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பிட்ச் பராமரிப்பவர்களை அவர்கள் போக்கில் விடுங்கள். மண்ணுக்குத் தக்கபடி அவர்கள் தயார் செய்யட்டும். முதல் இரண்டு நாள் ரன் வரட்டும், நான்காம் நாள் பந்து தானாகத் திரும்பட்டும். ஒன் டவுனுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு தொடர் முழுக்கவாவது அவருக்குக் கொடுங்கள். டெஸ்ட்டுக்கு முன்னால் உள்நாட்டு ரஞ்சி கோப்பையில் ஆட நாள் ஒதுக்குங்கள். 2008 டிசம்பரில் சேப்பாக்கத்தில் 387 ரன்னை ஐந்தாம் நாள் துரத்திப் பிடித்தோமே, அப்படி ஒன்றை அப்பாவோடு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்கு முதலில் ஐந்தாம் நாள் என்று ஒன்று இருக்க வேண்டும்.

2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட் ஆட வருகிறது. அதற்கு நான் லீவு சொல்லி வைக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்கும் சேர்த்துச் சொல்லலாமா என்று தயவுசெய்து முன்கூட்டியே தெரிவித்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
டெஸ்ட் மட்டுமே பார்க்கும் ஒருவரின் மகன்