தவளை ஈட்டியும் தென்கடல் பாறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், குறைந்த விலையில் மீன் ஈட்டி வாங்க நினைப்பவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை வந்திருந்தது. முள் கூடக் கூட மீன் தப்பாது, அதனால் புதிதாகப் பழகுகிறவர்கள் ஐந்து முள் ஈட்டி வாங்குவதே நல்லது என்று அதில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. போன மாசியில் அதே ஐந்து முள்ளோடு ஒருவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

ஒருவன் என்ன, என் அக்கா மகன்தான். கோயம்புத்தூரில் வேலை. விடுமுறைக்கு தேவிபட்டினம் வரும்போதே பையில் அந்த ஈட்டித் தலை இருந்தது. ஆன்லைனில் 650 ரூபாய். பளபளவென்று ஸ்டெயின்லெஸ், கோழிக்கால் மாதிரி விரிந்த ஐந்து முள், அடியில் கழியைச் செருகித் திருகாணி போட ஒரு குழல். அட்டையில் ஒரு தவளைப் படம். "இது என்னடா?" என்றேன். "அமெரிக்காவில் ராத்திரி டார்ச் அடித்துக் குளத்துத் தவளை குத்துவார்கள் மாமா, அதற்குச் செய்தது. மீனுக்கும் ஆகுமாம்" என்றான்.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் ராத்திரி அது வேலை செய்தது. எங்கள் வடகடல், அதாவது பாக் விரிகுடா, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெகுதூரம் நடந்தாலும் முட்டளவுதான், அடியில் சேறும் மணலும் கடல்புல்லும். மாசியில் காற்று அடங்கி, தண்ணீர் தெளிந்திருந்தது. இரண்டு மடவை மீன் குத்தினான். ஈட்டி சேற்றில் இறங்கியதே தவிர எங்கும் மோதவில்லை. பயல் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் கீழக்கரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். அது தென்கடல், மன்னார் வளைகுடா. கரையிலிருந்தே பாறை. ஒரு திருக்கை மணலில் புதைந்து கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது, சோற்றுத் தட்டு அகலம் இருக்கும். குத்தினான். ஐந்து முள்ளும் ஒரே நேரத்தில் தோலில் பட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கையின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதானே. திருக்கைத் தோல் அதற்கெல்லாம் இடம் கொடுக்குமா? அரை விரல்கடை இறங்கியதோ என்னவோ, அது உதறிக்கொண்டு போய்விட்டது. போன வேகத்தில் ஈட்டி பக்கத்துக் கல்லில் இடித்தது. தூக்கிப் பார்த்தால் இரண்டு முள் வெளிப்பக்கம் மடங்கி நிற்கிறது, ஒன்று வெல்டிங் வைத்த இடத்திலேயே உடைந்து காணோம். மற்ற முள்ளின் வெல்டிங்கைச் சுற்றி அதற்குள் துரு. கடல் தண்ணீர் பட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை.

நான் முப்பது வருஷம் வல்லம் என்கிற மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் பார்த்தவன், இரும்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் என்று கட்டுரையில் இருக்கிறது. அதை நம்பாதீர்கள். 200 வரிசை என்கிற மட்டரக ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டாது, உப்புத் தண்ணீரில் அது சீக்கிரமே துருப்பிடிக்கும். கடலுக்கு 316 என்று ஒரு ரகம் இருக்கிறது. அதில் செய்த ஈட்டி 650 ரூபாய்க்கு வராது. மலிவாக வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஆசையையே விட்டுவிட்டு, கொல்லர் பட்டறைக்குப் போவதுதான் வழி.

நாங்கள் போனோம். பட்டறைக்காரர் உடைந்ததைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கடலுக்குண்ணே?" உங்கள் கட்டுரை முழுக்கத் தேடினேன், இந்தக் கேள்வி இல்லை.

சேற்றுக் கடலில் சின்ன மீனுக்கு மூன்று முள் போதும். இடைவெளி ஒரு விரல் நுழையும் அளவு இருந்தால் மீன் சுழன்று நழுவாது. பாறைக் கடலுக்கும் திருக்கைக்கும் ஒற்றை முள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து, முள்ளையும் குழலையும் ஒரே துண்டில் எடுத்தார், வெல்டிங்கே கிடையாது. நுனிக்குக் கீழே, பின்பக்கம் பார்த்த சின்னக் கொக்கி ஒன்று மட்டும். அதைப் பெரிதாக வைத்தால் மீனைக் கழற்றும்போது சதை பிய்ந்து போகும் என்றார். கூலி 300 ரூபாய். டீ நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

கடையிலேயே வாங்குவதானாலும் இதைச் செய்து பாருங்கள்: முள் நுனியை ஒரு பலகையில் ஊன்றி உடம்புப் பாரத்தைக் கொஞ்சம் கொடுங்கள். வளைந்து திரும்ப நிமிர்ந்தால் வாங்கலாம். வளைந்தபடி நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கழிக்கு, உள்ளே கெட்டியாக இருக்கும் கல்மூங்கில். அலுமினியக் குழாய் பார்க்க அழகுதான், உள்ளே தண்ணீர் ஏறிவிட்டால் கை நழுவியதும் அடிக்குப் போகும், மூங்கில் மிதக்கும். குழலில் செருகிய பிறகு தங்கூசி என்கிற நைலான் நரம்பால் நெருக்கிச் சுற்றிக் கட்டி, மறுமுனையில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், கயிறு விட்டுக்கொண்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, தேங்காய் எண்ணெய் தடவி, நுனியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றைக் குத்தி வைப்பேன். ஸ்பிரிங் பட்டையும் துருப்பிடிக்கும்தான், ஆனால் அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தால் புதுசு.

மீன் தண்ணீருக்குள் இருக்கிற இடத்தைவிட மேலே தெரியும், அதனால் அதற்குக் கீழே குறி வைக்க வேண்டும் என்பதை கட்டுரை சரியாகவே சொல்லியிருக்கிறது. மணலில் புதைந்த திருக்கையை மிதித்துவிடாமல் இருக்க, காலைத் தூக்கி வைக்காமல் தரையை உரசி நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கலாம். திருக்கை வால்முள் ஏறினால் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

இன்னொன்று, கட்டுரைக்குப் போட்ட படம். வயல் வரப்பில் ஒருவர் ஈட்டியும் தவளையுமாக நிற்கிறார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் லைசென்ஸ் எடுத்துத் தவளை குத்தலாம், சரி. இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதியையே 1987-இல் நிறுத்திவிட்டார்கள். திருவாடானைப் பக்கம் நெல் போடுகிறவர்களைக் கேட்டால் தவளை தின்கிற பூச்சிக் கணக்கைச் சொல்வார்கள். கடலிலும் அப்படித்தான்: ஆமை, ஆவுளியா என்கிற கடல் பசு, கடல் குதிரை, கடல் அட்டை, ரம்பம் போல மூக்குள்ள வேளா மீன் எதிலும் கை வைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. ஈட்டியோடு அந்தப் பக்கம் போனால் மாட்டிக்கொள்வார்கள். டார்ச் வெளிச்சத்தில் எது என்னவென்று தெரியாவிட்டால் குத்தாமல் விடுங்கள் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

அந்த ஐந்து முள்ளை நான் தூக்கிப் போடவில்லை. மடங்கியதை நிமிர்த்தி, உடைந்த முள்ளுக்கு எதிரில் இருந்ததையும் அறுத்துவிட்டு, மூன்று முள்ளாக்கினேன். ஆர்.எஸ். மங்கலம் பக்கம் கண்மாய் மீன் ஏலம் எடுத்திருக்கிற மச்சானிடம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் வற்றியதும் சேற்றில் விரால் குத்த அது ஆகும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வல்லத்து மெக்கானிக்,
தேவிபட்டினம்.