மீன் இறங்குதளக் கழிவு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு இந்த ஆண்டில் அதிகம் விவாதித்தது கரையில் சேரும் கழிவைப் பற்றித்தான். எதை எந்த வழியில் அனுப்புவது என்று எடுத்த முடிவுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செவுள், குடல், இறால் தலை, கிழிந்த வலை, எஞ்சின் ஆயில் எல்லாம் ஒரே குவியலில் விழும்வரை எந்த முறையும் பலிக்காது. ஆகவே ஏலம் முடிந்த கையோடு, தனித்தனிக் கூடையில் பிரிக்க வேண்டும். நம் வெயிலில் குடல் சில மணி நேரத்திலேயே குழைந்துவிடும். அதன்பின் தீவனத்துக்கு ஆகாது, புதைக்கத்தான் ஆகும்.

சங்காயம், அதாவது உணவுக்கு விலைபோகாத பொடிமீன், ஐஸ் குறையாமல் அன்றே மீன்தூள் ஆலைக்குப் போக வேண்டும். அதில் பேத்தை மீன் ஒன்றுகூட இருக்கக் கூடாது; அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. இறால் தலையும் ஓடும், ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளை எடுக்கப் பயன்படும். அந்த வேலைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் தேவை என்பதால் அதைக் கரையில் செய்ய வேண்டாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு உள்ள ஆலைக்கே ஓட்டைக் கொடுப்போம்.

ஆலைக்குப் போகாத குடல், செவுள், தலைக்குச் செயற்குழு தேர்ந்தெடுத்தது அமிலப் பதனம். 100 கிலோ கழிவை 10 மில்லிமீட்டருக்கு மேற்படாத துண்டாக அரைத்து, 85 சதவீத ஃபார்மிக் அமிலம் 3 முதல் 3.5 கிலோ சேர்த்து, பிளாஸ்டிக் டிரம்மில் கிளற வேண்டும். இரும்பு டிரம்மை அமிலம் அரித்துவிடும். புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 4க்குக் கீழே காட்ட வேண்டும். அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்: மேலே காட்டும் அளவு சரியாக இருக்கும், நடுவில் அமிலம் படாத கட்டி ஒன்று அழுகிக்கொண்டிருக்கும். எனவே முதல் நாள் மூன்று நான்கு முறை அடிவரை கிளறி, வெவ்வேறு ஆழத்தில் தாளைத் தோய்த்துப் பார்க்க வேண்டும். எலும்பும் நண்டு ஓடும் அமிலத்தைத் தின்றுவிடும்; தலை அதிகம் சேர்ந்த அன்று அமிலமும் கூடுதலாகப் பிடிக்கும். சரியாக அமைந்தால் இரண்டு மூன்று நாளில் கூழ் கரைந்து பழுப்பு நீராகும், அழுகல் வாடை இராது, புளிப்பு வாடைதான் வரும். அதைத் தவிட்டில் கலந்து உலர்த்தினால் தீவனத்துக்கு ஆகும். அமிலத்தைத் தொடுபவர் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். தெறித்தால் உடனே 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அமிலம் இருக்கும் அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். குவியல் மீது பவுடர் தூவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரத்தமும் கொழுப்பும் குளோரினைத் தின்றுவிடுகின்றன, கிருமி சாகாது. முதலில் அள்ளி, கழுவி, பிறகு தரைக்கு மட்டும் தெளிப்பதே பயன் தரும்.

அமிலம் கையாள ஆள் இல்லாத சிறு இறங்குதளங்களுக்கு உரக்குழியே ஏற்றது. ஒரு கூடை மீன் கழிவுக்கு மூன்று கூடை தென்னை நார்க்கழிவு. அடியில் ஓரடி நார்க்கழிவு, மேலேயும் அதே மூடாக்கு, குவியல் ஒரு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல். குறைந்தால் சூடு நிற்காது. உள்ளே 55 டிகிரி செல்சியஸ் மூன்று நாளாவது நிற்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. மூக்கை எரிக்கும் நெடி வந்தால் நார்க்கழிவு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்து காற்று அடைத்துவிட்டது. புரட்டிவிட்டு உலர்ந்த நார் சேர்க்க வேண்டும். கருவாட்டுத் தொட்டி உப்புநீரையும் உப்பிட்ட கழிவையும் குழியில் போடாதீர்கள், உப்பேறிய உரம் மண்ணைக் கெடுக்கும்.

அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றைவிடக் கனமானது, தொட்டி அடியிலும் படகின் மீன் அறையிலும் தங்கும். செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றது என்று இறங்குபவர் திரும்பமாட்டார். 2022 ஏப்ரலில் மங்களூரில் மீன் பதப்படுத்தும் ஆலையொன்றின் கழிவுத் தொட்டியில் 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். உள்ளே ஒருவர் விழுந்தால், காப்பாற்ற மூச்சுக்கருவி இல்லாமல் இன்னொருவர் இறங்கவே கூடாது. கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைச் சங்கம் முற்றிலும் தடை செய்கிறது. மேலிருந்தே பம்ப் வைத்து எடுக்கலாம்.

கிழிந்த வலையை எரிக்கவும் வேண்டாம், கடலில் வீசவும் வேண்டாம். ஈயக்குண்டு, மிதவை, கயிறு மூன்றையும் அறுத்தெடுத்த பிறகு ஒரு துண்டை நல்ல தண்ணீரில் அமுக்கி, காற்றுக் குமிழ் போகப் பிசைந்து விடுங்கள். நைலான் மூழ்கும், எச்.டி.பி.இ. (அடர் பாலிஎத்திலீன்) வலையும் பாலிப்ரொப்பிலீன் கயிறும் மிதக்கும். பிரித்துக் காயவைத்தால்தான் மறுசுழற்சிக்கு எடுப்பார்கள்; மணலும் பாசியும் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழைய ஆயில் அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே கொடுக்கலாம், 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூடியுள்ள டிரம்மில், கூரைக்கு அடியில், தண்ணீரோ டீசலோ கலக்காமல் வைக்க வேண்டும். ஃபில்டரைச் சூட்டோடு கழற்றி, ஓட்டை போட்டு, ஓர் இரவு கவிழ்த்து வடிய விடுங்கள். படகின் அடித்தட்டில் தேங்கும், எண்ணெய் மிதக்கும் தண்ணீரைத் துறைமுகத்துக்குள் பம்ப் செய்யாதீர்கள்.

ஆயிலும் வலையும் மொத்தமாகக் கரைக்கு வருவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலப் பழுதுபார்ப்பில்தான். அதற்கு முன்பே ஆயில் டிரம்களுக்குக் கூரை, வலை காயவைக்கச் சிமெண்ட் தளம், அமில அறைக்குத் தனிப் பூட்டு ஆகிய மூன்றும் தயாராக வேண்டும். இவற்றுக்கான செலவைப் பொதுக்குழு ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்